பெரும்பொழுதும் விளம்பரப் பொழுதும்: தமிழ்த் தொலைக்காட்சியில் பருவமும் பண்டிகையும்

1. பொழுது என்னும் முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என இரண்டிரண்டு மாதங்களாக அமையும் ஆறு பருவங்கள் பெரும்பொழுது எனவும், மாலை, யாமம், வைகறை முதலாக ஒரு நாளுக்குள் அமையும் கூறுகள் சிறுபொழுது எனவும் பெயர் பெற்றன. ஓர் உணர்வு எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில், நாளின் எந்த வேளையில் எழுகிறது என்பதை அறிந்தே அதன் பொருளை உணர வேண்டும் என்ற தெளிவு அந்த வகைப்பாட்டில் இருக்கிறது. இன்றைய தொலைக்காட்சி விளம்பரத் தொழில், தான் அறியாமலே இந்த அளவைகளைக் கையாள்கிறது. ஒரு சரக்கை எந்த ஊர்களில், எந்த மாதத்தில், நாளின் எந்த மணிக்குக் காட்டினால் அது விலைபோகும் என்று கணக்கிட்டு எழுதப்படும் அட்டவணைக்கு ஊடகத் திட்டம் என்று பெயர். அதன் மூன்று பத்திகளும் நிலம், பெரும்பொழுது, சிறுபொழுது ஆகியவையே.

தமிழர் ஆண்டில் செலவுக்கு உரிய மாதங்கள் இருந்ததைப் போலவே, கையை இறுக்கிக்கொள்வதற்கு உரிய மாதங்களும் இருந்தன. தை பிறந்தால் திருமணமும், ஆடி பிறந்தால் சுப காரியங்களுக்கு ஓய்வும் என்று மாறி மாறி வந்த அந்த ஒழுங்கின் மீதுதான் தமிழ்த் தொலைக்காட்சி விளம்பரம் வேரூன்றியது. ஆயினும், வெற்று நேரத்தைத் தாங்க இயலாத தன் இயல்பினால் அது ஓய்வு மாதங்களையும் விற்பனை மாதங்களாக மாற்றியது. நாடு முழுமைக்கும் ஒரே விளம்பரத்தை அனுப்பும் வசதியினால் தமிழ் நிலத்தின் பருவத்தைப் பல வேளைகளில் மறந்தும் போனது. இவ்விரு மாற்றங்களையும் அவற்றின் காரணங்களோடு விளக்குவதே இச்சொற்பொழிவின் நோக்கமாகும்.

2. மலரிலிருந்து திரைக்கு

பண்டிகையும் விளம்பரமும் தமிழில் இணைந்தது தொலைக்காட்சி வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பாகும். வார, மாத இதழ்கள் வெளியிட்ட தீபாவளி மலர்களில் கதை, கட்டுரை, வண்ண ஓவியம் ஆகியவற்றுக்கு இடையே பட்டுக்கடை, காப்பித்தூள், சோப்பு, மருந்து ஆகியவற்றின் விளம்பரங்கள் பக்கம் பக்கமாக இடம்பெற்றன. சிவகாசியின் நாட்காட்டித் தயாரிப்பாளர்கள் அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்களை ஆடிப்பெருக்கு நாளில் வெளியிடும் வழக்கம் இன்றும் உண்டு. கடையின் பெயர் பொறித்து வீட்டுச் சுவரில் ஆண்டு முழுதும் தொங்கும் தினசரி நாட்காட்டி, நல்ல நேரத்தையும் கடையின் முகவரியையும் ஒரே தாளில் சொல்லும் விளம்பரமாக இருந்தது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தூர்தர்ஷனில் வணிக விளம்பரம் 1976 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்பட்டது. தனியார் அலைவரிசைகளின் காலம் தமிழில் 1993 ஏப்ரல் 14 அன்று, சித்திரை முதல் நாளில், சன் தொலைக்காட்சியோடு பிறந்தது. கலைஞர் தொலைக்காட்சி அண்ணாவின் பிறந்தநாளான செப்டம்பர் 15 அன்று 2007இல் தொடங்கப்பட்டது. தொடக்க நாளையே நாட்காட்டியிலிருந்து தேர்ந்தெடுத்த ஊடகம், தன் வருவாயையும் அந்த நாட்காட்டியிலிருந்தே எதிர்பார்த்தது இயல்பே.

3. தேங்காத சரக்கு

பருவம் விளம்பரத்தை ஆள்வதற்கான காரணம் விளம்பர நேரத்தின் தன்மையிலேயே அடங்கியுள்ளது. கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு விதிகள், 1994 ஒரு மணி நேரத்தில் 12 நிமிடங்களுக்கு மேல் விளம்பரம் இடம்பெறலாகாது என்றும், அவற்றுள் 10 நிமிடம் வரை வணிக விளம்பரத்துக்கும் 2 நிமிடம் வரை அலைவரிசையின் சொந்த நிகழ்ச்சி அறிவிப்புக்கும் உரியவை என்றும் வரையறுத்தன. இந்தியத் தொலைக்காட்சியில் கட்டணம் பத்து விநாடிக்கு இவ்வளவு என்றே பேசப்படுவதால், அந்த வரையறையின்படி ஓர் அலைவரிசை ஒரு மணி நேரத்தில் விற்கக்கூடியவை 60 பத்து விநாடிக் கூறுகள். ஒரு நாளில் 1,440. ஓர் ஆண்டில் 5,25,600.

விற்காத நெல்லைக் குதிரில் வைக்கலாம். விற்காத துணியை அலமாரியில் அடுக்கி அடுத்த மாதம் விலை குறைத்துத் தள்ளலாம். விற்காத பத்து விநாடியை எங்கும் சேர்த்து வைக்க முடியாது, அது காலி இருக்கையோடு புறப்பட்டுவிட்ட பேருந்தைப் போன்றது. தீபாவளி நாளுக்கும் ஆடி மாதச் செவ்வாய்க்கிழமைக்கும் கிடைப்பவை அதே 1,440 கூறுகள்தாம். முன்னதற்கு ஆயிரம் பேர் போட்டியிட, பின்னதற்கு ஒரு காலத்தில் ஆள் தேட வேண்டியிருந்தது. எனவே பண்டிகைக் காலத்தில் கட்டணம் உயர்கிறது. புதுப்படத்தின் முதல் ஒளிபரப்பு தனித் தொகுப்பாக விற்கப்பட்டு, அதற்கென ‘வழங்குவோர்’, ‘இணைந்து வழங்குவோர்’ என்று புரவலர் வரிசை அமைகிறது. மந்த மாதங்களிலோ கட்டணம் தளர்கிறது. ஒரு விளம்பரத்துக்குப் பணம் கட்டினால் மற்றொன்று உபரியாகத் தரப்படுகிறது. மந்த மாதத்தை எப்படியாவது நிரப்பியாக வேண்டும் என்ற இந்த நெருக்கடியே, பின்னர் விளக்கப்படும் மாற்றங்களுக்கு ஊற்றாகும்.

4. தீபாவளி: பணமும் நாளும் கூடுமிடம்

தீபாவளி விளம்பரத்தின் உச்சமாக விளங்குவதற்குப் பக்தியும் மரபும் மட்டுமே காரணம் ஆகா. 1965ஆம் ஆண்டின் போனஸ் வழங்கல் சட்டம், போனஸின் குறைந்தபட்ச அளவை ஆண்டு ஊதியத்தில் 8.33 விழுக்காடு என்றும் உச்ச அளவை 20 விழுக்காடு என்றும் வகுத்ததோடு, கணக்காண்டு முடிந்த எட்டு மாதங்களுக்குள் அது வழங்கப்பட வேண்டும் என்றும் விதித்தது. 8.33 விழுக்காடு என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ ஒரு மாத ஊதியம். மார்ச் மாதத்தில் கணக்கு முடிக்கும் நிறுவனத்துக்கு எட்டு மாதக் கெடு நவம்பர் இறுதியில் முடிகிறது. தீபாவளியோ அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வந்துவிடுகிறது. ஆலைத் தொழிலாளர் குடும்பத்தின் கையில் ஒரு மாத ஊதியம் கூடுதலாக வந்து சேரும் நாளையும், புத்தாடை எடுத்தே தீர வேண்டிய நாளையும் சட்டமும் மரபும் சேர்ந்து ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டன. கோயம்புத்தூர், திருப்பூர், மதுரை போன்ற தொழில் நகரங்களின் கடைவீதியும் அவ்வூர் மக்கள் பார்க்கும் திரையும் அந்த வாரத்தில் ஒருசேர நிரம்புவது இதனால்தான்.

ஆனால் இந்த நாள் ஆண்டுதோறும் நகர்கிறது. தமிழ் மாதங்கள் சூரியனைப் பின்பற்றுபவை ஆதலின் பொங்கலும் சித்திரைப் பிறப்பும் ஆடி முதல் நாளும் ஆங்கில நாட்காட்டியில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கின்றன. தீபாவளி திதியைப் பின்பற்றுவதால் முன்னும் பின்னும் செல்கிறது. 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20 என்று அது வந்தது. ஜூலை 17இல் ஆடி பிறந்ததிலிருந்து எண்ணினால் 2023இல் தீபாவளிக்கு 118 நாட்களும் 2025இல் 95 நாட்களுமே இருந்தன. ஆடித் தள்ளுபடி, ஆவணி முகூர்த்தம், நவராத்திரி, தீபாவளி ஆகிய நான்கு விளம்பர அலைகளை இந்த இடைவெளிக்குள் அடுக்க வேண்டியிருப்பதால், இருபத்து மூன்று நாள் குறைவு என்பது ஒரு துணிக்கடையின் கொள்முதல் முதல் படப்பிடிப்பு வரை அனைத்தையும் நெருக்குகிறது. ஊடகத் திட்டம் தீட்டுவோர் மேசையில் பஞ்சாங்கம் இன்றியமையாத ஏடாக இருப்பதன் பொருள் இதுவே.

முப்பது விநாடியில் முடியும் ஒரு துணிக்கடை விளம்பரத்தின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. கோலமிட்ட வாசலும் குத்துவிளக்கும் முதலில் தோன்றும். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை ஒன்றாகப் படியிறங்கி வரும். பட்டுப்புடவையின் முந்தானை விரிந்து திரை முழுவதையும் ஒரு கணம் மூடும். தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை பட்டு வேட்டியில் வெட்கத்தோடு நிற்பார். சிறுமி ஒருத்தி பாவாடை சுழலக் கம்பி மத்தாப்பு பிடிப்பாள். கடைசி ஐந்து விநாடியில் கடையின் பெயரும் கிளைகள் உள்ள ஊர்களும் ஒரே மூச்சில் ஒலிக்கும். அத்தனை தலைமுறையும் ஒரே கூரையின் கீழ் வாழும் வீடு நகரங்களில் அரிதாகிவிட்ட பின்னும் விளம்பரத்தில் அது நீடிப்பதற்குக் காரணம் உண்டு. தீபாவளிக்குத் துணி எடுப்பது என்பது தமிழ் வீட்டில் தனக்காக வாங்குவதன்று; வீட்டின் ஒவ்வொரு உறவுக்கும், வேலை செய்வோருக்கும் சேர்த்து எடுப்பதாகும். படிக்கட்டில் இறங்கும் ஒவ்வொருவரும் பட்டியலின் ஒரு வரி. எவரையும் மறந்துவிடக் கூடாது என்ற வீட்டுத் தலைவியின் கவலையை விளம்பரம் உறவுமுறை வரிசையாக அடுக்கிக் காட்டுகிறது. நிலத்தின் வழக்கத்தை அறிந்து எடுக்கப்பட்ட விளம்பரத்தின் வலிமை இத்தகையது.

5. ஆடி: ஓய்வு மாதத்தின் உருமாற்றம்

ஆடியில் திருமணம் நடைபெறுவதில்லை. புது வீடு புகுவதில்லை. புதுமணப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரும் வழக்கமும் உண்டு. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழி காட்டுவது போல, வேளாண் குடும்பத்துக்கு அது கையிருப்பு விதையாகவும் எருவாகவும் நிலத்துக்குள் செல்லும் மாதம். வெள்ளிக்கிழமைகளில் அம்மனுக்குக் கூழ் வார்ப்பது அம்மாதத்தின் எளிய பெருவிழா. பெருஞ்செலவைத் தள்ளிவைக்கச் சொன்ன மரபுக்குப் பின்னால் இவ்வாறு ஒரு பொருளியல் அறிவு இருந்தது.

வணிகத்தின் தேவையோ வேறு. வைகாசி, ஆனி முகூர்த்தங்களில் விற்காமல் நின்ற துணி, தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்கு முன் கடையை விட்டுப் போயாக வேண்டும். அந்தத் தேவையும், ஆள் இல்லாமல் கிடந்த விளம்பர நேரமும் சந்தித்தபோது ஆடித் தள்ளுபடி மாபெரும் தொலைக்காட்சிப் பருவமாக வளர்ந்தது. கடைத்தெருவில் முளைத்த ஒரு சரக்குத் தீர்வு முறை, துணியிலிருந்து பாத்திரத்துக்கும், பாத்திரத்திலிருந்து குளிர்பதனப் பெட்டிக்கும், நகையின் செய்கூலி, சேதாரத்துக்கும் பரவி, தமிழ்நாட்டின் எல்லா ஊர்களுக்கும் சென்றது. ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்ற குரல் ஆடி பிறப்பதற்கு முன்பே ஆனியின் கடைசி வாரத்தில் ஒலிக்கத் தொடங்குகிறது. தள்ளுபடியால் எளிய குடும்பங்கள் நல்ல துணியைக் குறைந்த விலையில் பெற்றது உண்மை. அந்த நன்மையை மறுப்பது நேர்மையாகாது. அதே வேளையில், வாங்காமல் இருப்பதற்கு ஒரு குடும்பத்துக்கு இருந்த மதிப்பான காரணம், ‘ஆடியாயிற்றே’ என்று சொல்லித் தள்ளிப்போட உதவிய அந்தச் சொல், பொருளிழந்தது.

மார்கழிக்கும் இதையொத்த நிலை நேர்ந்தது. அது திருமணம் இல்லாத மாதம். கோலமும் திருப்பாவையும் சென்னையில் இசைவிழாவுமாகக் கழியும் மாதம். இசைக் கச்சேரிகள் புரவலர் பெயரோடு திரைக்கு வந்தன. ஆங்கிலப் புத்தாண்டுச் சலுகைகள் அதன் நடுவில் அமர்ந்தன. ஓய்வு மாதங்களை மேலும் சமன்படுத்தியது நகைச் சேமிப்புத் திட்டம். தெருவில் அறிந்தவரிடம் கட்டும் தீபாவளிச் சீட்டின் இடத்தில், திரையில் விளம்பரமாகும் பதினொரு மாதத் திட்டம் வந்தது. நிறுவனங்கள் சரக்குக்கெனப் பெறும் முன்பணம் 365 நாட்களைக் கடந்தால் அது வைப்புத்தொகையாகக் கருதப்படும் என்ற 2014ஆம் ஆண்டு விதிகளே அத்திட்டங்கள் பதினொரு தவணையில் நிற்பதற்குக் காரணமாகும். தவணைக்கு ஆடியும் இல்லை, மார்கழியும் இல்லை; செலவு மாதம், சிக்கன மாதம் என்ற வேறுபாடு அதில் கரைந்துபோகிறது.

6. விளம்பரம் வளர்த்த பருவங்கள்

பழைய ஓய்வை நிரப்பியதோடு, சிறு நாட்களைப் பெருநாட்களாக வளர்த்த வரலாறும் உண்டு. அட்சய திருதியை என்பது சித்திரை அமாவாசையை அடுத்து வரும் வளர்பிறையின் மூன்றாம் நாள். அட்சயம் என்றால் குறையாதது. அந்நாளில் செய்யும் தானம் குறையாப் பயன் தரும் என்ற நம்பிக்கையில், கோடை வெயிலுக்கு ஏற்ப நீர், குடை, விசிறி, தயிர்சாதம் ஆகியவற்றைப் பிறருக்கு வழங்குவது மரபு. கொடுத்தால் பெருகும் என்ற கருத்து, வாங்கினால் பெருகும் என்று நகைக்கடை விளம்பரங்களில் திரும்பியது. பல வாரங்களுக்கு முன்பே முன்பதிவு அறிவிப்புகள் தொடங்குகின்றன. அன்று விடியற்காலையிலேயே கடைகள் திறக்கின்றன. வாசலில் நிற்கும் வரிசையைச் செய்தி நேரம் காட்டுகிறது. அந்தக் காட்சியே அடுத்த ஆண்டுக்கான விளம்பரமாகவும் ஆகிவிடுகிறது.

2008இல் தொடங்கிய ஐபிஎல் கிரிக்கெட் போட்டி, பஞ்சாங்கத்தில் இல்லாத மற்றொரு பருவத்தை இளவேனிலில் நிறுவியது. குளிர்பானம், குளிர்சாதனப் பெட்டி, மின்விசிறி, வேர்க்குரு மாவு ஆகியவற்றின் விளம்பரம் மாசி, பங்குனியில் தொடங்கி அக்னி நட்சத்திரம் வரை நீள்வது முன்பே இருந்த வழக்கம். அந்தக் கோடைப் பணத்தின் பெரும் பங்கை இரவு நேரக் கிரிக்கெட் இப்போது ஈர்த்துக்கொள்கிறது.

7. பொழுது மயக்கம்

ஒரு திணைக்குரிய கூறு இன்னொரு திணையில் கலந்து வருவதைத் திணை மயக்கம் என்று இலக்கணம் கூறும். தமிழ்த் தொலைக்காட்சியில் நிகழும் ஒரு கலப்பைப் பொழுது மயக்கம் என்று குறிக்கலாம். இந்தியா முழுவதும் விற்கும் பொருள்களின் விளம்பரங்கள் பெரும்பாலும் மும்பையிலோ தில்லியைச் சார்ந்த நகரங்களிலோ எடுக்கப்பட்டு, தமிழ்க் குரல் சேர்க்கப்பட்டு இங்கே வருகின்றன. உதட்டசைவும் குரலும் பொருந்தாமை எவருக்கும் எளிதில் தெரியும். பருவமும் பொருந்தாமை அவ்வளவு எளிதில் கவனிக்கப்படுவதில்லை.

மும்பையில் தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத்தில் இறங்குகிறது. அப்போது குடையும் சூடான பக்கோடாவும் நனையும் காதலருமாக விளம்பரங்கள் வருகின்றன. அதே ஜூனில் சென்னை வெயிலில் வாடிக்கொண்டு தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும். தமிழ்நாடு ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெறுகிறது. வீட்டுக்கு வண்ணம் பூசும் விளம்பரம் இவ்வேறுபாட்டுக்கு மிகச் சிறந்த சான்று. வடபுலத்தில் மழை ஓய்ந்த பின் தீபாவளி வருவதால், சுவரைப் புதுப்பிப்பது தீபாவளிக்கு முன் நடைபெறுகிறது. தமிழ்நாட்டில் தீபாவளி மழையின் நடுவில் வருகிறது. ஈரச் சுவரில் பூச்சு நில்லாது. மழை விட்ட மார்கழியின் கடைசி நாட்களில்தான், போகிக்கு முன்பாக, வீடுகள் வெள்ளை காண்கின்றன. பொங்கலுக்கென்று தனி விளம்பரம் எடுத்த வண்ண நிறுவனங்கள் இதை அறிந்தவை. தீபாவளி விளம்பரத்தையே மொழிபெயர்த்து அனுப்புபவை மழையில் சுவர் பூசச் சொல்கின்றன.

தீபாவளியின் சிறுபொழுதும் இவ்வாறே மயங்குகிறது. தமிழ் வீட்டில் தீபாவளி வைகறைக்குரியது. நரக சதுர்த்தசி விடிவதற்கு முன் தலையில் நல்லெண்ணெய் வைத்து, வெந்நீரில் குளித்து, மஞ்சள் தடவிய புத்தாடை உடுத்தி, தீபாவளி லேகியத்தை விழுங்கிய பின்னரே பலகாரத் தட்டு திறக்கும். குரல் மாற்றி வரும் விளம்பரங்களிலோ தீபாவளி இரவில் நிகழ்கிறது; அகல் வரிசையும் இலக்குமி பூசையும் உலர்பழப் பெட்டியும் காட்சியாகின்றன. அவ்வழக்கம் அதற்குரிய நிலத்தில் அழகும் பொருளும் உடையது. ஆயினும் அதை மட்டுமே ஆண்டுதோறும் கண்டு வளரும் பிள்ளை, தன் பாட்டியின் எண்ணெய்க் கிண்ணத்தைத் தீபாவளியின் மையமாகக் கருதாமல், திரையில் இடம்பெறாத பழைய பழக்கமாகக் கருதத் தொடங்குவது பெரிய இழப்பாகும்.

8. திருநாளும் விடுமுறை நாளும்

தீபாவளியன்று காலை மங்கல இசை, ஆன்மிக உரை, நடிகர் நேர்காணல், பட்டிமன்றம், முற்பகலில் ஒரு படம், மாலையில் ‘திரைக்கு வந்து சில மாதங்களே ஆன’ மற்றொரு படம் என்ற வரிசையைத் தமிழ்த் தொலைக்காட்சி நிலைநிறுத்தியது. சாலமன் பாப்பையா நடுவராக அமர்ந்த சன் தொலைக்காட்சிப் பட்டிமன்றம், பலகாரத்தைப் போலவே அந்நாளின் உறுப்பாயிற்று. அலைவரிசை விளம்பரதாரருக்கு விற்பது பண்டிகையை மட்டுமன்று. குடும்பம் முழுவதும் வீட்டில் இருக்கும் நேரத்தையாகும். இவ்வுண்மை பெயர் சூட்டலில் வெளிப்படுகிறது. விநாயகர் சதுர்த்தி நிகழ்ச்சிகளைக் கலைஞர் தொலைக்காட்சி ‘விடுமுறை தினச் சிறப்பு நிகழ்ச்சிகள்’ என்றே அறிவித்து வந்தது. தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008இல் சட்டம் இயற்றப்பட்டு, 2011இல் அது நீக்கப்பட்ட காலத்தில், ஏப்ரல் 14க்குச் ‘சித்திரைத் திருநாள்’ என்றும் ‘தமிழ்ப் புத்தாண்டு’ என்றும் அலைவரிசைக்கு ஒரு பெயர் வழங்கியது. கொள்கை எதுவாயினும் பெயர் எதுவாயினும் சிறப்புத் திரைப்படம் நின்றதில்லை. விளம்பர நேரமும் விற்காமல் போனதில்லை.

9. முடிவுரை

வணிகத்தையும் பண்டிகையையும் பிரிக்க இயலாது. பட்டு நெய்பவர், பட்டாசு செய்யும் சிவகாசித் தொழிலாளர், முறுக்குச் சுற்றி விற்பவர் ஆகியோரின் ஆண்டு வாழ்வு அந்த இணைப்பில்தான் நிற்கிறது. எனவே விளம்பரம் வேண்டாம் என்பது இவ்வுரையின் முடிவாகாது. நிலத்தையும் பொழுதையும் அறிந்து விளம்பரம் எடுக்கப்பட வேண்டும் என்பது முதல் வேண்டுகோள். மழைக்கும் வெயிலுக்கும் வைகறைக்கும் உரிய இடத்தை அறிந்த விளம்பரம் பொருளையும் விற்கும், வழக்கத்தையும் காக்கும். ஆண்டின் ஓய்வு மாதங்களை மதிக்கும் அறிவைக் குடும்பங்களும் பள்ளிகளும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும் என்பது இரண்டாவது. ஆடியில் ஏன் செலவைத் தள்ளிவைத்தார்கள் என்று அறிந்த பிள்ளை, தள்ளுபடியைக் கண்டதும் தேவையையும் எண்ணிப் பார்க்கும்.

மூன்றாவது வேண்டுகோள் கல்வி நிலையங்களுக்கு உரியது. பழைய தீபாவளி மலர்கள் நூலகங்களில் கிடைக்கின்றன. எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய சோப்பு விளம்பரத்தையும் ஆய்வாளர் புரட்டிப் பார்க்கலாம். தொலைக்காட்சி விளம்பரம் தன் பத்து விநாடியோடு மறைந்துபோகிறது. 1990களில் ஒளிபரப்பான பொங்கல், ஆடி விளம்பரங்கள் ஒழுங்காகத் தொகுத்து வைக்கப்படுவது அரிதாகவே உள்ளது. ஒரு தலைமுறை எதை உடுத்தியது, எதை உண்டது, எதற்கு ஏங்கியது, எந்த மாதத்தில் கையை நீட்டி எந்த மாதத்தில் கையை மடக்கியது என்பதற்கான சான்று அவற்றில் இருக்கிறது. பல்கலைக்கழகங்களின் இதழியல், தமிழ்த் துறைகள் அவற்றை மாத வாரியாகத் திரட்டி, ஒவ்வொன்றின் எதிரிலும் அதன் நிலத்தையும் பெரும்பொழுதையும் சிறுபொழுதையும் குறித்து வைக்குமாயின், முதற்பொருள் அறிந்து பொருள் கொள்ளும் பழந்தமிழ் நெறி இந்தப் புதிய ஏட்டுக்கும் உரையாக அமையும்.